மாடித் தோட்டத்துச் சாவி – 17: கேசரி நிறத்தில் ஒரு சொட்டு

டாக்சியின் பின்பெட்டியில் பார்த்த கம்பியைப் பற்றிப் பரிமளா தன் கணவனிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டால் பதில் வரும். கதிரேசனிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். அந்தப் பதிலை நம்புவதா வேண்டாமா என்று பிறகு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அதற்குக் கேட்காமலே இருந்துவிடலாம்.

கம்பி பெரிய விஷயமில்லை. இடுப்பு உயரம், கட்டைவிரல் தடிமன், பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தது. நுனியில் ஒட்டியிருந்த மண்தான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. கறுப்பு மண்ணில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளைப் பொடிக்கல். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி எங்கே தோண்டினாலும் செம்மண்தான் வரும். அந்த வெள்ளைக் குருணை கலந்த, கனமே இல்லாத மண் இருப்பது ஒரே இடத்தில்தான். பலமாடி கார் நிறுத்துமிடத்தின் உச்சியில், ஆறாவது தளத்தில், பரிமளா சாவி வைத்திருக்கும் தோட்டத்தில்.

அந்தத் தோட்டம்தான் இப்போது ஒழுகுகிறது.

ஐந்தாவது தளத்துக் கூரையிலிருந்து சில வாரமாகச் சொட்டு. வெறும் தண்ணீராக இருந்தால் பரவாயில்லை. கான்கிரீட்டைக் கரைத்துக்கொண்டு வருகிற தண்ணீர், கார்களின் பெயிண்டில் சுண்ணாம்புக் கோடு இழுத்துவிடுகிறது. யாரோ பாத்தியில் எதையோ ஆழமாகக் குத்தி, மண்ணுக்கு அடியில் விரித்திருக்கும் நீர்த்தடுப்பு விரிப்பைக் கிழித்துவிட்டார்கள் என்பது நகர மன்றத்தின் முடிவு.

உள்ளங்கை ஆழத்துக்கு மேல் எதையும் குத்தக் கூடாது. அந்தத் தோட்டத்தின் முதல் விதி அது. பந்தலுக்குக்கூட அங்கே யாரும் கால் நடுவதில்லை. வாளியில் சிமெண்ட் ஊற்றி, அதில் கழியை நிறுத்தி, வாளியை மண்மேல் வைப்பார்கள்.

"எந்தப் பாத்தின்னு தெரிஞ்சா அதை மட்டும் எடுத்துட்டு ஓட்டையை அடைப்போம். தெரியலைன்னா மொத்த மண்ணையும் வாரிட்டுப் பழையபடி வெறும் சிமெண்டுத் தரையா விட்டுடுவோம்" என்று போன வாரம் நகர மன்ற அதிகாரி சுவா கறாராகச் சொல்லியிருந்தார்.

எல்லோர் முன்னாலும் பரிமளா பதில் சொன்னாள். "எங்க குடும்பத்துப் பாத்தியா இருந்தா, அந்த இடத்துலயே சாவியை உங்க கையில குடுத்துடறேன். மத்தவங்க பாத்தியைத் தொடாதீங்க."

சொன்னது கம்பியைப் பார்ப்பதற்கு முன்னால்.

இன்று மாலை நாலு மணிக்குச் சோதனை. பாத்திகளில் சாயத் தண்ணீரை ஊற்றி, கீழே எது சொட்டுகிறது என்று பார்க்கப் போகிறார்கள்.

*

"அம்மா, கேசரி பவுடர் ஏன் வெளியில இருக்கு? யாருக்குப் பொறந்தநாள்?"

நிறைமதி சமையலறை வாசலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். கண் மருந்தகத்தில் வேலை. அம்மாவின் பார்வையில் எது புதிதாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"ஆபீசருங்க வர்றாங்கள்ல. கொஞ்சம் கேசரி கிண்டலாம்னு."

"பாத்தும்மா. இந்த ஊர்ல அதுக்கும் லஞ்சம்னு கேஸ் போட்டுருவாங்க. முந்திரியை எண்ணிப் போடு."

"வாயை மூடிட்டு இட்லியைச் சாப்பிடு."

நிறைமதி சாப்பிட்டாள். பாதி இட்லியில் நிறுத்தினாள். "இன்னைக்கு எந்தப் பாத்தியைத் தோண்டுவாங்க?"

"தோண்ட மாட்டாங்க. சாயம் ஊத்திப் பாப்பாங்க."

"தோண்டவே மாட்டாங்களா?"

"ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

மீதி இட்லியை மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். தாழ்வாரத்தில் அவள் சைக்கிள் முன்சக்கரம் தட்டையாகக் கிடந்தது. ஒரு மாதமாக அப்படித்தான். பேருந்தில்தான் போய் வருகிறாள்.

கதிரேசன் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். டாக்சி ஓட்டுகிறவருக்கு எதிலும் அவசரம் கூடாது என்பது அவர் கொள்கை.

"டாக்சி இப்ப எங்க நிக்குது?" என்று பரிமளா கேட்டாள்.

"மூணாவது தளத்துல."

"எப்பவும் அஞ்சாவதுலதானே போடுவீங்க?"

"மைனா எச்சம் போடுது. ஓட்டமும் இல்லாத நாள்ல வண்டி கழுவவே நேரம் போவுது."

"மைனா மூணாவதுக்கு வராதா?"

கதிரேசன் அவளைப் பார்த்தார். "வரும். ஆனா அங்க எனக்குத் தெரிஞ்ச மைனா இல்ல."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். ஐந்தாவது தளத்தில் சொட்டு விழுகிறது என்று முதல் புகார் வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு அவர் டாக்சி மூன்றாவது தளத்துக்கு இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாத ஒழுகல் இவருக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது?

"நாலு மணிக்கு நானும் வரேன்" என்றார் கதிரேசன்.

தோட்டம் திறந்த அன்று ரிப்பன் வெட்டுவதைப் பார்க்க வந்தார். அதன் பிறகு அவள் மறந்து வைத்த கைப்பேசியைக் கொடுக்க ஒருமுறை வந்தார். அவ்வளவுதான் அவருக்கும் அந்தத் தோட்டத்துக்கும் உள்ள உறவு. அப்படித்தான் பரிமளா நினைத்திருந்தாள்.

தோட்டத்துக் கதவைக் காலையில் திறந்து, பத்து மணிக்குப் பூட்டி, மாலையில் மறுபடி திறப்பது அவள்தான். மற்ற நேரமெல்லாம் சாவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். யாருக்கும் தெரியாமல் பாத்தியில் கம்பி இறக்க வேண்டுமானால், அந்த ஆணியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவர் கிளம்பிய பிறகு அவள் கேசரி பவுடரைப் பழைய தண்ணீர்ப் புட்டியில் கரைத்தாள். கரைக்கிறபோதே விரல் நுனியெல்லாம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. தேய்த்தாள். போகவில்லை.

வாசலில் மணி அடித்தது. புட்டியைச் சாக்குப்பையில் தள்ளிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கோகிலா நின்றிருந்தாள். கதிரேசனின் தங்கை, எதிர் புளோக்கில் வீடு. தோட்டத்தில் பரிமளாவின் பாத்திக்கு அடுத்த பாத்தி அவளுடையது. அவள் கையிலும் கையுறை.

"அண்ணி, ஒரு குவளை ரவை இருக்குமா? ஆபீசருங்களுக்குக் கேசரி கிண்டலாம்னு பாத்தேன். பவுடர் இருக்கு, ரவை தீந்துபோச்சு."

"நானும் கேசரிதான் கிண்டப்போறேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நீங்களே கிண்டுங்க அண்ணி. உங்க கை மணம் எனக்கு வராது" என்றாள் கோகிலா. ரவை வாங்காமலே போய்விட்டாள்.

இருபத்தைந்து வருஷத்தில் பரிமளாவின் சமையலைக் கோகிலா புகழ்ந்தது இதுதான் முதல் முறை.

*

கோகிலாவைச் சந்தேகப்படக் காரணம் இருந்தது.

போன மாதம் விடியற்காலை சுமத்ராக் காற்று சுழற்றி அடித்தது. மேலே போய்ப் பார்த்தால் எல்லோருடைய பந்தலும் வாளியோடு சாய்ந்து கிடந்தது. இன்னொரு பாத்திக்காரரான மேடம் இயோவின் பயற்றங்கொடி தடுப்புச் சுவரில் தொங்கியது. கோகிலாவின் பாகற்பந்தல் மட்டும் நிறுத்தியது நிறுத்தினபடியே நின்றது. வாளியில் நின்ற பந்தல் அந்தக் காற்றுக்குத் தாங்காது. மண்ணுக்குள் கம்பி இறங்கியிருந்தால் தாங்கும்.

தங்கச்சி கேட்டால் கதிரேசன் கம்பி வாங்கித் தருவார். இறக்கியும் தருவார். கேட்டால் மைனா என்பார்.

ஒவ்வொரு பாத்தியின் மூலையிலும் அடித்தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் குழாய் செங்குத்தாக நிற்கும். மூடியைத் திறந்து ஊற்றினால் மண்ணைத் தொடாமல் நேரே அடியில் போய்விடும். அதிகாரிகள் சாயம் ஊற்றப்போவதும் அதில்தான்.

அவர்கள் கண்டுபிடித்து, எல்லோர் முன்னாலும் பெயர் நாறுவதற்கு முன்னால், தனக்குத் தெரிந்துவிட வேண்டும். மத்தியானம் ஐந்தாவது தளத்துக்கு இறங்கிப் பார்த்தால் போதும். ஆரஞ்சு சொட்டினால் கோகிலா. பிறகு என்ன செய்வது என்று நாலு மணிக்குள் யோசித்துக்கொள்ளலாம்.

தோட்டத்துக்கு ஏறிப்போய், சுற்றிலும் பார்த்துவிட்டுக் கோகிலாவின் குழாயில் புட்டியைக் கவிழ்த்தாள். அதன்மேல் ஒரு வாளித் தண்ணீர்.

மூடியைத் திருகிவிட்டு நிமிர்ந்தபோது கோகிலா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்ன அண்ணி, என் பாத்திக்கும் சேத்து தண்ணி ஊத்தறீங்களா?"

"கத்தரி வாடிக்கெடந்துது. பாவமா இருந்துச்சு."

"என் பாத்தியில கத்தரி கெடையாது."

"ஏதோ ஒண்ணு வாடிக்கெடந்துது."

கோகிலா பரிமளாவின் கறிவேப்பிலைச் செடியிடம் போய் நின்றாள். மண்ணில் பாதி புதைந்த பெரிய தொட்டியில், ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மூன்று புளோக்குக்காரர்களின் ரசத்துக்கு அதிலிருந்துதான் இலை போகிறது.

"வேர் நல்லா எறங்கியிருக்கும்ல, அண்ணி?"

"தொட்டியிலதான் இருக்கு."

"தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்குமே."

"உன் பந்தலுக்குக் காத்துன்னா பயமே இல்ல போல, கோகிலா?"

"என் வீட்டுக்காரர் வாளியில சிமெண்டைத் தாராளமா ஊத்தினாரு. சிலபேர் அதுலயும் கணக்குப் பாப்பாங்க."

கீழே கார்கள் ஏறி இறங்கும் சத்தம் தரை வழியாக வந்தது. தண்ணீர்க் கேனை நிரப்பப் பரிமளா மறுமுனைக் குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கோகிலா அவசரமாகக் கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள்.

*

மத்தியானம் ஐந்தாவது தளத்தில் ஒன்றும் சொட்டவில்லை. சிவப்புநாடா கட்டிய இடத்தில் தரை காய்ந்து கிடந்தது.

கோப்பிக்கடையில் மேடம் இயோ கையைக் காட்டிக் கூப்பிட்டார். மலாயும் ஆங்கிலமுமாகக் கலந்து பேசுவார். பரிமளாவுக்கு அது தாய்மொழி மாதிரிதான். மேடம் இயோவுக்கு ஒன்பதாவது மாடியில் வீடு. சமையலறை சன்னலைத் திறந்தால் தோட்டம் மொத்தமும் கீழே விரித்த பாய்போலத் தெரியும். முன்பு சிமெண்டுத் தரை வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது என்று திரை போட்டு வைத்திருந்தார். தோட்டம் வந்த பிறகு திரையைக் கழற்றிவிட்டார். அதன் பிறகு அந்தச் சன்னலில் அவர் பார்க்காதது எதுவும் இல்லை.

"பரிமளா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நேத்தும் முந்தாநாளும் சொல்லணும்னு நெனச்சேன்."

"சொல்லுங்க மேடம்."

"போன மாசம், அந்தப் பெரிய காத்து அடிச்ச அன்னைக்கு. பத்து மணிக்கு நீ கதவைப் பூட்டிட்டுப் போயிட்டே. மறுபடி மழை பிடிச்சுக்கிச்சு. துணி எடுக்க சன்னலுக்கு வந்தேன். மேல ரெண்டு பேர்."

"யாரு?"

"ஒருத்தர் உன் வீட்டுக்காரர். அந்த வழுக்கை எனக்குத் தெரியாதா? நனைஞ்சுக்கிட்டே குனிஞ்சு நின்னாரு."

"இன்னொருத்தர்?"

"குடை. மேலேருந்து பாத்தா குடைதான் தெரியும். கறுப்புக் குடை, முழுக்கப் பெரிய பெரிய மஞ்சள் பூ. சூரியகாந்தி."

பரிமளாவின் கோப்பி ஆறியது. சூரியகாந்திக் குடையை அவள் பார்த்திருக்கிறாள். போன தீபாவளிக்குத் தேக்கா கடைத்தெருவில் துணி எடுக்கப் போனபோது கோகிலா பிடித்திருந்தாள்.

"எந்தப் பாத்தியில நின்னாங்க?"

"உன்னோடதா, உன் நாத்தனாரோடதா, தெரியலை லா. ரெண்டும் ஒட்டிக்கிட்டுதானே இருக்கு. பாகற்பந்தல் மறைச்சுது." மேடம் இயோ குரலைத் தாழ்த்தினார். "நான் யார்கிட்டயும் சொல்லலை. ரொஹானாகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

ரொஹானாவும் ஒரு பாத்திக்காரிதான்; அவளிடம் சொன்னால் மசூதிக்குப் பின்னால் இருக்கும் புளோக் வரை போய்விடும்.

*

நாலு மணிக்கு ஐந்தாவது தளத்தில் பாத்திக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். வெளியே வானம் கருத்துக்கொண்டு வந்தது.

சுவா நாடாவுக்கு உள்ளே நின்றார். பொறியாளர் ஹஸ்லிண்டா, சின்னப் பெண், பச்சைச் சாயப் பொட்டலங்களோடு மேலே போயிருந்தாள். கதிரேசன் சொன்னபடி வந்து தூணோரமாகச் சாய்ந்து நின்றார். பரிமளாவையும் பார்க்கவில்லை, கோகிலாவையும் பார்க்கவில்லை. கூரையையே பார்த்தார்.

மேலே குழாயில் தண்ணீர் திறந்து விடுகிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கூரை விரிசலில் ஈரம் கோத்தது. சொட்டாகத் திரண்டது. தொங்கியது. விழுந்தது.

சுவா வெள்ளைக் காகிதத்தை நீட்டிப் பிடித்திருந்தார். அதன் நடுவில் ஆரஞ்சுப் பொட்டு.

"சர்பத் மாதிரி இருக்கே" என்றார் மேடம் இயோ.

சுவா கைப்பேசியில் கேட்டார். "நீ பச்சைன்னுதானே சொன்னே? இங்க ஆரஞ்சு விழுது."

ஹஸ்லிண்டாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "நான் இன்னும் சாயமே ஊத்தலை சார். தண்ணிதான் விட்டிருக்கேன்."

கூட்டம் முணுமுணுத்தது. அடுத்த சொட்டு விழுந்தது. அதுவும் ஆரஞ்சு.

பரிமளா கையுறைக்குள் விரல்களை மடக்கிக்கொண்டாள். கோகிலாதான். குடையும் சரி, பந்தலும் சரி, எல்லாம் பொருந்திவிட்டது. இப்போது வாயைத் திறந்தால் நாத்தனார் மானம் போகும். குடும்பப் பாத்தி என்று சாவியும் போகும். திறக்காவிட்டால் எல்லோருடைய மண்ணும் போகும். ரொஹானாவின் பாண்டான் இலை, மேடம் இயோவின் பயறு, எல்லாம்.

"சார்" என்றாள். "அது கேசரி பவுடர். நான்தான் காலையில ஊத்தினேன்."

"எங்க?"

"கோகிலா பாத்தியில."

கோகிலாவின் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தாள். கோபம் வரவில்லை. கோகிலா வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"இல்ல சார். அது என்னோட கேசரி பவுடர். நானும் காலையில ஊத்தினேன்." பரிமளாவைப் பார்க்காமல் சொன்னாள். "அண்ணி பாத்தியில."

கோகிலா மெல்லக் கையுறையைக் கழற்றினாள். ஐந்து விரலும் ஆரஞ்சு. பரிமளாவும் கழற்றினாள்.

"இதுக்குத்தான் ரவை கேட்டு வந்தியா?"

"நீங்க எதுக்கு என் கத்தரிக்குத் தண்ணி ஊத்தினீங்களோ, அதுக்குத்தான்."

"ஆக, ரெண்டு வீட்லயும் கேசரி இல்லை" என்றார் சுவா. நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

*

ஆறாவது தளத்தில் ஹஸ்லிண்டா தலையை ஆட்டினாள். "ரெண்டு பாத்திக்கு அடியிலயும் ஒரே நிறம். இது கழுவிப்போக வாரக்கணக்காகும். அதுவரைக்கும் சோதனை செஞ்சு பிரயோசனம் இல்லை."

"அதுவரைக்கும் கீழ காரெல்லாம் நாசமாகணுமா?" என்றார் சுவா. "மொத்தத்தையும் வாரிடுவோம்."

மேடம் இயோ ஏதோ சொல்லப் போனார். அவர் கண் பரிமளாமேல் இருந்தது. எல்லோர் கண்ணும் அங்கேதான் இருந்தது. காலையில் நாத்தனாரைக் காட்டிக்கொடுக்காமல் தப்பிக்கலாம் என்று ஊற்றிய ஒரு புட்டிச் சாயம், இத்தனை பேர் மண்ணுக்கும் உலை வைத்துவிட்டது.

"வார வேணாம்" என்றாள். "ரெண்டு பாத்தியை மட்டும் திறந்து பாருங்க. முதல்ல என்னோடதை."

"கறிவேப்பிலை போயிடும், அண்ணி" என்றாள் கோகிலா. அதில் குத்தல் இல்லை.

"போகட்டும்."

வேலையாட்கள் தொட்டியை அசைத்துத் தூக்கினார்கள். அடியோட்டை வழியாக வேர் இறங்கி, மண்ணுக்கும் நீர்த்தடுப்பு விரிப்புக்கும் நடுவில் இருந்த கம்பளி மாதிரியான துணிமேல் பாம்பு மாதிரி சுருண்டு படுத்திருந்தது. ஹஸ்லிண்டா குனிந்து வேரை விலக்கி, துணியைத் தூக்கிப் பார்த்தாள். கறுப்பு விரிப்பு வழவழவென்று இருந்தது. கீறல்கூட இல்லை.

"வேர் ஒண்ணும் செய்யலை."

கோகிலாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பரிமளா நிம்மதியாக மூச்சு விட்டாள். ஆனால் மண்வெட்டி நிற்கவில்லை. தொட்டியைத் தாண்டி, கோகிலாவின் பந்தல் பக்கம், பரிமளாவின் பாத்தியின் கடைசி மூலையில் துணியைத் தூக்கியபோது ஹஸ்லிண்டா "சார்" என்று மெதுவாகச் சொன்னாள்.

கறுப்பு விரிப்பின்மேல் கறுப்பு ஒட்டு. உள்ளங்கை அளவு ரப்பர், கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டியது. சைக்கிள் டியூப். ஒரு ஓரம் மட்டும் உதடு மாதிரிப் பிரிந்து, அதன் வழியாக ஆரஞ்சுத் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஹஸ்லிண்டா ஒட்டை உரித்தாள். அடியில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை.

யாரோ குத்தியிருக்கிறார்கள். குத்திவிட்டு, தெரிந்து, ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். மேலே மண்ணையும் பழையபடி மூடி, கீரை விதைத்திருக்கிறார்கள். அந்தக் கீரையைப் போன வாரம்தான் பரிமளா கடைந்தாள்.

"அது நான் ஒட்டினதில்ல" என்றார் கதிரேசன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பரிமளா அவரைப் பார்த்தாள். பதில் எப்போதும் தயாராக வைத்திருக்கிற மனிதர் இன்று கேள்வி வருவதற்கு முன்னாலேயே பதிலைச் சொல்லிவிட்டார். பிறகு ஏன் சொன்னோம் என்று தெரியாமல் வழுக்கையைத் தடவிக்கொண்டு நின்றார்.

கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றினாள். சாவி வியர்வையில் ஈரமாக இருந்தது. அதைச் சுவாவின் கையில் வைத்தாள்.

"மத்தவங்க பாத்தியைத் தொடக் கூடாது. சொன்ன சொல்."

"தொட மாட்டோம்" என்றார் சுவா. அவருக்கும் சங்கடமாக இருந்தது. "சாவியை யாருக்குக் குடுக்கறதுன்னு அப்புறம் பேசுவோம்."

மேடம் இயோ பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். மண்மேட்டின் பக்கத்தில் கறிவேப்பிலை சரிந்து கிடந்தது. போகிறபோது ரொஹானா அதிலிருந்து ஒரு கொத்து ஒடித்துக்கொண்டாள். வீணாகப் போகக் கூடாதே.

மழை பிடித்துக்கொண்டது. பெரிய பெரிய துளி.

கோகிலா கைப்பையிலிருந்து குடையை எடுத்து விரித்து, பரிமளாவின் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். வெறும் நீலக் குடை.

பரிமளா நகரவில்லை. "உன் சூரியகாந்திக் குடை எங்க கோகிலா?"

"இப்ப எதுக்கு அண்ணி அது?"

"எங்கன்னு கேட்டேன்."

"உங்க வீட்லதானே இருக்கு. தீபாவளி முடிஞ்சதுமே நிறைமதி கேட்டு வாங்கிட்டுப் போயிட்டா. நாலு தடவை கேட்டுட்டேன், இந்தா தரேன் அத்தை, அந்தா தரேன் அத்தைன்னு இன்னும் குடுக்கலை."

தாழ்வாரத்தில் தட்டையாகக் கிடந்த சைக்கிள் சக்கரம் பரிமளாவின் கண்முன்னால் வந்தது. தோண்டவே மாட்டாங்களா என்று பாதி இட்லியில் நிறுத்திக் கேட்ட குரலும் வந்தது.

திரும்பினாள். கதிரேசன் மழையில் நனைந்துகொண்டு, திறந்து கிடந்த மூலையின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"வீட்டுக்குப் போய்ப் பேசுவோம், பரிமளா" என்றார். "பிள்ளை வர்றதுக்கு முன்னாடி."